என் பாதியில் கொடி இல்லை

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சூடு கூடாது. விரலை விட்டால் விரலுக்கு ஒன்றும் தோன்றக் கூடாது, அதுதான் பதம். கண்ணாடிக் கிண்ணம், போன கிறிஸ்துமஸுக்கு என் மனைவி பொன்மலர் பாயசம் ஊற்றிக் கொடுத்த அதே கிண்ணம், தெரிந்தால் ஏசுவாள். அதற்குள் கவரிலிருந்து வெட்டிய மூலை மிதக்கிறது, மூலையில் ஸ்டாம்பு, ஸ்டாம்பின் மேல் கறுப்பாகத் தபால் முத்திரை. இருபது நிமிஷம், பழைய பசை என்றால் இன்னும் கொஞ்சம். பசை தானாக இளகும், ஸ்டாம்பு தானாக நழுவும், நாம் செய்ய வேண்டியதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான். அவசரப்பட்டு உரித்தால் முதுகுத்தாள் பிய்ந்து போகும், பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்த இடம் சொட்டையாகத் தெரியும். நான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்க்கிறேன், ஒன்றைக்கூடச் சொட்டையாக்கியதில்லை. மணி மூன்றே முக்கால். தபால்காரர் கொடுத்துவிட்டுப் போய்க் கால்மணிதான் ஆகிறது. மேஜையில் மூலை போன கவர் கிடக்கிறது. அதற்குள் கடிதம் இருக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. எழுதியிருப்பவன் என் தம்பி ஏனோக்கு. நாங்கள் பேசிப் பதினாலு வருஷம் ஆகிறது.

முதலில் கத்தரிக்கோல், பிறகுதான் கடிதம். இது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம், பழக்கம் என்றால் வியாதி என்று பொன்மலர் சொல்லுவாள். கவரைப் பிரிக்கிற கை பதற்றத்தில் மூலையைக் கிழித்துவிடும், அதனால் விரல்கடை இடம் விட்டு மூலையை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பேன். வெட்டுவதற்கு முன்னால் கவரை மேஜையில் இரண்டு தட்டு தட்டி, உள்ளே இருக்கிற தாளைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். இன்றைக்குத் தட்டினேனா? தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். பின்பக்கத்தில் அனுப்புநர் இடத்தில் ஏனோக்கு என்று பார்த்த பிறகு, கத்தரிக்கோலை எடுத்தது நினைவிருக்கிறது, தண்ணீர் சுட வைத்தது நினைவிருக்கிறது, நடுவில் தட்டினேனா என்பது மட்டும் நினைவில்லை. கத்தரிக்கோல் இறங்கும்போது கேட்ட சத்தம் இரண்டு தாளின் சத்தமா, நாலு தாளின் சத்தமா? வெட்டிய மூலையை அப்படியே தண்ணீரில் போட்டேன். அடியில் ஏதோ வெள்ளையாகக் கிடக்கிறது. கவரின் பின்தாளாக இருக்கும். வேறு என்னவாக இருக்க முடியும். முன்சீப் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன், ஒரு கட்டில் எத்தனை தாள் என்று கையில் எடுத்ததும் சொல்லுவேன்.

"யாரு லெட்டருங்க?" என்று உள்ளேயிருந்து பொன்மலர் கேட்டாள். "ஏனோக்கு" என்றேன். முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "என்ன போட்டிருக்கான்?" "ஸ்டாம்பு ஊறிக்கிட்டிருக்கு" என்றேன். பிறகு முறத்தின் சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக. அவளுக்கு என் மேல் கோபம் வந்தால் அரிசிக்குத்தான் அடி விழும்.

நானும் தம்பியும் சேர்த்தது விழா வெளியீடுகள் மட்டும். பறவை, பூ, தலைவர்கள், அணைக்கட்டு, எதுவும் கிடையாது. நாடு எதையாவது கொண்டாடினால் அதற்கு வருகிற ஸ்டாம்பு, அதற்கு அடிக்கிற நாணயம். சுதந்திரம் கிடைத்து இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது, குடியரசு ஆகி இருபத்தைந்து, ஐம்பது. சட்டம் போட்டவன் ஏனோக்குதான், அப்போது அவன் ஆறாம் வகுப்பு. எல்லாத்தையும் சேத்தா ஒண்ணும் முடியாதுண்ணே, இதுன்னா முடிக்கலாம் என்றான். நாடு இருக்கிற வரைக்கும் எப்படி முடியும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு ரயில் தபாலில் கடிதம் பிரிக்கிற வேலை, என்றைக்கு எது வெளியாகிறது என்று ஒரு வாரம் முந்தியே தெரிந்துவிடும். வெளியாகிற அன்றைக்குக் காலையில் பாளையங்கோட்டைத் தலைமைத் தபாலாபீஸ் வாசலில் முதலில் நிற்பது நாங்களாகத்தான் இருக்கும். வெள்ளிவிழாவுக்கு அடித்த பத்து ரூபாய்க் காசை அப்பா கொண்டுவந்தபோது ஏனோக்கு அதை எண்ணெய்த்தாளில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது, ஸ்டாம்பை விரலால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், இதெல்லாம் எங்கேயோ படித்துவிட்டு வந்து அவன்தான் எனக்குச் சொன்னான். யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் கொண்டாடியதாக நினைவில்லை. எங்களுக்கும் சேர்த்து நாடு கொண்டாடிக்கொண்டது.

முத்திரையில் தேதி ஆறு என்று தெரிகிறது. மாசம் சரியாக விழவில்லை, இந்த மாசமாகத்தான் இருக்கும். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் டிராயிங் மாஸ்டர், இப்போது ஓய்வு பெற்றிருப்பான். முத்திரை குத்தியவன் இரக்கமில்லாமல் குத்தியிருக்கிறான், பாதிக் கொடி முத்திரைக்குள் போய்விட்டது. கொடி. என் பாதியில் கொடி கிடையாது. பொன்விழா வருஷத்தில் வந்த ஜோடி அது, இரண்டு ஸ்டாம்பு ஒட்டி ஒரே படம், நடுவில் கிழிக்கத் துளைவரிசை. இடது பாதியில் கூட்டம்: முண்டாசு கட்டியவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்திருக்கிற பெண்கள், எல்லாரும் முகத்தைத் தூக்கிப் பார்க்கிறார்கள். வலது பாதியில் அவர்கள் பார்க்கிற கொடிக்கம்பம். சேர்ந்திருந்தால் ஒழுங்கான படம். பிரித்துவிட்டால் அவன் பாதியாவது ஒரு கொடி, என் பாதி பைத்தியக்காரக் கூட்டம், வெறும் வெள்ளை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பிரித்தது நான்தான். அதை யார் மேலும் போட முடியாது. அப்பா இறந்த வருஷம் பாகம் பிரித்தோம், வீடு, நிலம், பாத்திரம் எல்லாம் சண்டை இல்லாமல் முடிந்துவிட்டது. பங்காளி வழக்குகளைத் தினமும் பார்க்கிறவன், என் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் ஆல்பம். எல்லாம் இரண்டிரண்டாக வாங்கியதால் பிரிப்பது சுலபம், உனக்கு ஒன்று எனக்கு ஒன்று. இந்த ஜோடி மட்டும் ஒன்றுதான் கிடைத்திருந்தது. அன்றைக்குத் தபாலாபீஸில் ஒரே தாள்தான் வந்தது, எங்கள் முறை வரும்போது மிஞ்சியது அவ்வளவுதான். ஏனோக்கு சொன்னான்: "நீயே வச்சுக்கோண்ணே. இல்ல, நான் வச்சுக்கிடுதேன். கிழிக்க மட்டும் வேண்டாம்." நான் சமபாகம்னா சமபாகம்தான் என்றேன். இப்போது அந்தக் குரலை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது, நீதிபதியின் பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து வந்த குரல். துளைவரிசையில் முன்னும் பின்னும் மடித்துப் பதனமாகத்தான் கிழித்தேன். அப்படியும் கடைசியில் என் பாதியின் துளை ஓரத்திலிருந்து ஒரு பல் பிய்ந்து அவன் பாதியோடு போய்விட்டது. அவன் இடுக்கி கேட்கவில்லை, எண்ணெய்த்தாள் கேட்கவில்லை. வெறும் விரலால் எடுத்துச் சட்டைப்பையில் பஸ் டிக்கெட்டோடு போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான். அந்தச் சட்டைப்பையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வேர்வை படும், மடியும், ஒட்டும் என்று அன்று ராத்திரி முழுவதும் ஸ்டாம்பைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். தம்பியைப் பற்றிக் கவலைப்பட ஒரு வருஷம் ஆயிற்று.

ஆனால் பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறான். மடிப்பு இல்லை, கறை இல்லை. பதினாலு வருஷம் பொத்தி வைத்துவிட்டு இப்போது எச்சில் தொட்டுக் கவரில் ஒட்டி அனுப்பியிருக்கிறான். எதற்கு? நாலு மணி ஆகப்போகிறது, நான் இந்த ஒரு கேள்வியையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தா, உன் கொடியை நீயே வைத்துக்கொள் என்றா? உன் பங்கும் வேண்டாம், உன் உறவும் வேண்டாம் என்றா? முத்திரை படாத ஸ்டாம்பை ஒட்டிக் கெடுப்பது சேர்க்கிறவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். என்னை வலிக்க வைக்க இதைவிட மலிவான வழி கிடையாது, இரண்டு ரூபாய் ஸ்டாம்பு. மற்ற அடையாளங்களும் நல்லதாக இல்லை. ஸ்டாம்பு கோணலாக ஒட்டியிருக்கிறது. கோடு போட அளவுகோல் எடுக்காத கை அது, கோணலாக ஒட்டியிருக்கிறான் என்றால் வேண்டுமென்றுதான். முகவரி கொட்டை எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் பாதி விரல் உயரம், கத்துகிற மாதிரி. கவரின் இடது ஓரத்தில் இரண்டு ஸ்டேப்ளர் பின் வேறு, வக்கீல் நோட்டீசுக்கு அடிக்கிற மாதிரி. ஒன்று மட்டும்தான் கணக்கில் சேரவில்லை. இந்தக் காலத்துக் கட்டணத்துக்கு இரண்டு ரூபாய் போதாது என்று பக்கத்தில் சாதாரண ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறான், என் தலையில் தண்டம் விழாமல் பார்த்திருக்கிறான். கோபத்தில் இருக்கிறவன் அதைப் பார்ப்பானா? ஏனோக்கு பார்ப்பான். கோபத்திலும் ஒழுங்கு உண்டு அவனுக்கு.

தண்ணீரில் லேசாக நீலம் இறங்கியிருக்கிறது. முத்திரை மை கரையாது, அது எண்ணெய் மை. நீலம் பேனாவினுடையது. முகவரியின் வால் கொஞ்சம் வெட்டில் வந்திருக்கலாம். அல்லது அடியில் கிடக்கிற வெள்ளை கவரின் பின்தாள் இல்லை, கடிதத்தின் மூலை. கடிதத்தை மூன்றாக மடித்திருந்தால் ஒரு வெட்டில் மூன்று மூலை போகும். ஒரு வரியின் கடைசி, ஒரு வரியின் முதல். என்ன எழுதியிருந்தான் என்பது இந்தக் கிண்ணத்தில் கரைந்து நீலமாக நிற்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இடுக்கியால் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது புரட்டினால் ஸ்டாம்பு பிய்யும். அது சாக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். கடிதத்தைப் பிரித்தால் அவன் என்னை என்னவாக நினைக்கிறான் என்று தெரிந்துவிடும், பிரிக்காத வரைக்கும் அவன் என் தம்பி. கோர்ட்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு நாளில் கட்சிக்காரர்கள் வெற்றிலை வாங்கப் போய்விடுவார்கள். டவாலி வராந்தாவில் நின்று மூன்று முறை பேரைக் கூப்பிடுவான், மூன்றாம் முறைக்கும் ஆள் வராவிட்டால் ஆஜராகவில்லை என்று நான் எழுதிவிடுவேன். எழுதும்போது ஒன்றும் தோன்றாது. இழுப்பறையில் சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் வருஷத்துக்கு அடித்த காசுகள் இருக்கின்றன, இரண்டு செட். ஒன்று ஆல்பத்தில் ஏறிவிட்டது. இன்னொன்று வந்த அட்டைப்பெட்டியிலேயே, பிரிக்காமல். ஏன் இரண்டு என்று பொன்மலர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பழக்கதோஷம் என்று சொல்லியிருப்பேன்.

"இன்னுமா பிரிக்கல?" அவள் வாசற்படியில் நிற்கிறாள், முறம் கையில். நாலேகால். ஸ்டாம்பின் ஒரு ஓரம் தாளை விட்டு எழும்பியிருக்கிறது, மற்ற மூன்றும் எழும்பவில்லை. "பசை பழசு, நேரமாகும்" என்றேன். "பசையவா கேட்டேன்? ஒடம்பொறந்தவன் எழுதியிருக்கான், ஒங்களுக்குப் பசையா முக்கியம்? நீங்க பிரிக்கியளா, நான் பிரிக்கட்டா?" என்றாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். "என் பாயசக் கிண்ணம்" என்று மட்டும் சொன்னாள், ஆனால் அதற்குமேல் ஏசவில்லை. அதிலிருந்துதான் அவளும் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

கவரை எடுத்தேன். மூலை வெட்டின ஓட்டை வழியாக உள்ளே பார்த்தால் காலி. தாள் எங்கேயும் ஆடவில்லை. கடிதத்தைச் சின்னச் சதுரமாக மடித்து, இடது ஓரத்தோடு சேர்த்துக் கவருக்கு வெளியிலிருந்து இரண்டு பின் அடித்து வைத்திருந்தது. பின்னை நகத்தால் நெம்பி எடுத்துப் பிரித்தேன். ஒரு மூலைகூடப் போகவில்லை. அங்கேயும் கொட்டை எழுத்து, வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் சரிந்தும் போயின.

"அண்ணனுக்கு, ஏனோக்கு எழுதுவது. நீ முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுப்பாய். அதனால்தான் கடிதத்தை ஓரமாகப் பின் அடித்தேன். எனக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டது. நேராக ஒட்ட முடியவில்லை, மன்னித்துக்கொள். இனி என் பாதியை என்னால் பார்க்க முடியாது, உன்னிடம் இருந்தால் முழுப்படமாக இருக்கும். உள்ளே வைத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவாய். ஒட்டி அனுப்பினால் வெட்டி எடுத்துக்கொள்வாய். ஊரைக் காலி செய்துவிட்டு நாகர்கோவிலுக்கு மகளோடு போகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை, பகல் ரயில். ஜங்ஷனுக்கு ஐந்தேகாலுக்கு வந்து ஐந்து நிமிஷம் நிற்கும். எஸ் ஆறு, ஜன்னல் ஓரம். முடிந்தால் வா. வராவிட்டாலும் ஒன்றுமில்லை, ஸ்டாம்பு வந்து சேர்ந்திருக்கும்."

இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கத் தொடங்கும்போது பொன்மலர், "இன்னைக்கு வெள்ளிக்கெழமல்லா?" என்றாள். ஆறாம் தேதி போட்ட கடிதம், ஒரு வாரம் எங்கெங்கோ சுற்றிவிட்டு இன்றைக்கு வந்திருக்கிறது. மணி நாலரை. "சட்டையப் போடுங்க, நான் ஆட்டோவக் கூப்பிடுதேன்" என்று அவள் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள். முக்கால் மணி நேரமாக நான் ஒரு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டாம்பு பாதி எழும்பிக் கிடந்தது. இப்போது எடுத்தால் பிய்யும். ராத்திரி வரை கிடந்தால் வெளுக்கும், உப்பும். எப்படியானாலும் அது இனி முத்திரை குத்திய ஸ்டாம்பு, என்னுடையது குத்தாதது. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் ஜோடி என்று சேர்க்கிறவன் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். அதை யோசித்துக்கொண்டேதான் ஆல்பத்தை எடுத்தேன், பொன்விழாப் பக்கத்தைப் புரட்டினேன், இடுக்கி எங்கே என்று தேடவில்லை. வெறும் விரலால் என் பாதியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பையில் மருந்துச் சீட்டும் பஸ் டிக்கெட்டும் இருந்தன. கிண்ணம் மேஜையிலேயே இருந்தது.

வண்ணார்பேட்டையில் நெரிசல். கொக்கிரகுளம் பாலத்தில் ஆட்டோ நின்று நின்று போயிற்று, ஆற்றில் தண்ணீர் குறைவு, யாரோ பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கண் மங்கினவன் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதாமல் வேறு எப்படி எழுதுவான். கோணல், கொட்டை எழுத்து, பின், மூன்றையும் சாட்சியாக வைத்து உட்கார்ந்த இடத்தில் ஒரு தீர்ப்பே எழுதிவிட்டேன். முழுதாகப் பார்க்காமல் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளைப் பற்றி வீட்டில் வந்து எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன். பொன்மலர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கத்தரிக்கோல் படாம வச்சிருக்கான் பாத்தியளா" என்றாள். நான் தலையாட்டினேன். சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தேன், வேர்வை படத்தான் செய்தது.

பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது ரயில் வந்து நின்றிருந்தது. எஸ் ஆறு நடுவில் எங்கேயோ. இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், சுமை. கூட்டத்தில் பொன்மலர் பின்தங்கிவிட்டாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனேன், பிறகு பார்த்தேன். முடி முழுக்க வெளுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். கூட்டத்துக்கு மேலே, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், என் பாதி ஸ்டாம்பில் இருக்கிறவர்களைப் போல. பக்கத்தில் ஒரு பெண், அவன் மகளாக இருக்க வேண்டும். நான் கடைசியாகப் பார்த்தபோது இரட்டைச்சடை, அவளுக்கும் என்னை அடையாளம் தெரியாது. இரண்டு பேரும் யாருக்காகக் காத்திருக்கிறார்களோ அவன் நாலு அடி தள்ளி நிற்கிறான், அவனுக்கு வாய் வரவில்லை. என் வேலையில் நான் பேரை எழுதித்தான் பழக்கம், கூப்பிடுவது டவாலி. பதினாலு வருஷமாக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

கூப்பிட்டேன். முதல் முறை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை டவாலியின் குரலிலேயே வந்தது, அடிவயிற்றிலிருந்து, சுமை தூக்குகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் முகம் என் பக்கம் இறங்கியது. "போதும்ணே. கண்ணுதான் மங்கிச்சு, காது நல்லாத்தான் கேக்குது" என்றான்.

கம்பி வழியாக அவன் கையைப் பிடித்தேன். பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். என்னது என்று அவன் கேட்கவில்லை. கட்டைவிரலால் நாலு பக்கத்துப் பல்லையும் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தான், வலது ஓரத்தில் ஒரு பல் இல்லாத இடத்தில் விரல் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். மகள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ரயில் ஒருமுறை குலுங்கியது.

"கிழிக்க வேண்டாம்னு சொன்னேம்லாண்ணே" என்றான்.

"சொன்ன" என்றேன்.